முதுகில் பட்ட காற்று

முதலில் உங்கள் பின்னால் இருக்கும் ஜன்னலைச் சாத்திவிடுங்கள், இன்ஸ்பெக்டர். உங்கள் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எதிரே கதவு வேறு திறந்து கிடக்கிறது. எனக்கு ஒன்றுமில்லை, இந்தக் கோடையிலும் சட்டைக்குள் கம்பளி பனியன் போட்டிருக்கிறேன், அம்மா பழக்கிய பழக்கம். உங்களுக்காகத்தான் சொல்கிறேன். நாளைக்கு நீங்கள் கழுத்தைத் திருப்ப முடியாமல் படுத்துவிட்டால் இந்த வழக்கை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். அந்த ஆள் எந்த ஊர்க்காரனோ, நான் சொல்வது அவனுக்கு விளங்குமோ விளங்காதோ.

நன்றி. இனி நிம்மதியாகப் பேசலாம்.

டேரில் என்னால்தான் செத்தான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நீங்கள் காலையிலிருந்து அந்தத் தரைக்கதவைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அதற்கும் வருகிறேன். ஆரம்பத்திலிருந்து வந்தால்தான் அது எவ்வளவு சின்ன விஷயம் என்று உங்களுக்கே தெரியும்.

இத்தாலியிலேயே சாப்பாட்டுக்குப் பேர்போன இந்தப் பொலோன்யாவில் இந்த நேரியோவைத் தெரியாத கடைக்காரன் கிடையாது. வெளியூர்க்காரர்களை நடத்திக் கூட்டிப்போய் இந்த ஊரைச் சாப்பிட வைப்பது என் தொழில். சந்தைத் தெருவில் தொடங்குவேன். இறைச்சிக்கடை, பாலாடைக்கட்டிக் கடை, பிறகு இறைச்சி வைத்து மடித்துச் சூப்பில் மிதக்கவிட்ட குட்டி மாவுப் பொட்டலம், டோர்டெல்லினி, கடைசியில் என் அக்கா லொரெட்டாவின் கடையில் நுரைக்கிற சிவப்பு வைன். இருபத்தைந்து வருஷமாக அதே பாதை, அதே வரிசை. நான் குடையை உயர்த்திப் பிடித்தால் பின்னால் வருகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு வருவார்கள். சிலர் அழுததும் உண்டு. ஒரு ஜெர்மன்காரி சிப்பி போட்ட ஸ்பகெட்டி மேல் தூவப் பாலாடைக்கட்டி கேட்டாள். சிப்பியோடு பாலாடைக்கட்டி சேர்ப்பது எங்களுக்குப் பாவம். அவளுடைய தட்டையே எடுத்துக்கொண்டேன்.

டேரில் கனடாக்காரன். மூன்று வருஷத்துக்கு முன்னால் என் கூட்டத்தில் ஒருவனாக நடக்க வந்தான். பனைமர உயரம், காதுவரை சிரிப்பு. டோர்டெல்லினியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, நுரைப் பால் ஊற்றிய காப்பி, ஒரு கப்புச்சினோ வேண்டும் என்றான். நல்ல மத்தியானம். வயிறு முட்ட இறைச்சி சூப். அதன் தலையில் ஒரு குவளைப் பால்.

பேனாவை நிறுத்திவிட்டீர்களே. ஆமாம், பால்தான். சாப்பாட்டுக்கு அப்புறம்தான்.

நான் பொறுமையாகவே சொன்னேன். "தம்பி, மத்தியானத்துல பால் குடிச்சா வயித்துக்குள்ள கல்லாயிடும். செத்துப் போயிடுவே." அவன் என் தோளில் தட்டி, "சரிங்க வாத்தியாரே, நாளைக்குச் செத்துக்கறேன்" என்றான். அதிலிருந்து என்னை வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவான். வந்தவன் ஊருக்குத் திரும்பவே இல்லை. அறை எடுத்தான், எங்கள் பாஷையைக் கற்றுக்கொண்டான், நான் வேலை பார்க்கும் கம்பெனியிலேயே வழிகாட்டியாகச் சேர்ந்தான்.

அவன் கூட்டத்திடம் பேசுவதை நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். "உங்களுக்கு எப்படிப் புடிக்குதோ அப்படியே சாப்பிடுங்க. இங்க யாரும் உங்களைப் புடிச்சு உள்ள போட மாட்டாங்க" என்பான். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். அகலமான மாவுப் பட்டைக்கே உரிய எங்கள் இறைச்சிக் குழம்பை மெல்லிய ஸ்பகெட்டியில் ஊற்றச் சொல்லி வாங்கிக் கொடுப்பான். அவன் கேட்டதற்காக எங்கள் கடைக்காரர்களே ஊற்றினார்கள், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். லொரெட்டாவும் அந்தக் கட்சிதான். "பாவம்டா, சந்தோஷமா சாப்பிடறான். உனக்கென்ன வந்துச்சு?" என்றாள். எனக்குத் திறக்காத பீப்பாயை அவனுக்குத் திறந்தாள்.

மே மாதம் கம்பெனிக்காரி ஓர்னெல்லா என்னை அழைத்து உட்காரவைத்தாள். "தப்பா நினைக்காதீங்க நேரியோ. வர்றவங்க நாலு வார்த்தை சிரிச்சுட்டுப் போகலாம்னு வர்றாங்க. உங்ககிட்ட ஒருத்தர்கூடச் சிரிச்சதில்லை. மத்தியான நடையை ஜூலையோட டேரில்கிட்ட விட்டுடுங்க. நீங்க ஓய்வெடுங்க."

என் பாதை, என் வரிசை. அந்த நடை இல்லாவிட்டால் மத்தியானத்தில் நான் எங்கே போவேன் என்று எனக்கே தெரியவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்காக நான் அவனைக் கொல்ல நினைக்கவில்லை. ஊரின் நன்மைக்காகத்தான் நினைத்தேன்.

நான் முரடன் இல்லை. கத்தியை எடுத்தால் பன்றித்தொடையைச் சீவுவதற்குத்தான் எடுப்பேன். மனுஷன் எதனாலெல்லாம் சாவான் என்று எங்கள் வீட்டில் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அந்த வழியிலேயே போனேன்.

மறுநாளிலிருந்து மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நானே அவனுக்குக் கப்புச்சினோ வாங்கிக் கொடுத்தேன். பெரிய குவளை. காப்பிக் கடைக்காரன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "நேரியோ, விளையாடாதய்யா, பெத்தவங்க இருக்காங்க அவனுக்கு" என்று காதோடு சொன்னான். அவனைக் கூப்பிட்டுக் கேளுங்கள், சாட்சி சொல்வான். டேரில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மனசு மாறிட்டீங்களே வாத்தியாரே" என்றான். கண்கூடக் கலங்கியிருந்தது. ஒரு வாரத்தில் அவன் கன்னம் இரண்டும் பளபளவென்று ஆகிவிட்டன.

கொதிக்கிற சூப்பைக் குடித்த கையோடு ஐஸ் தண்ணீர் கொடுத்தேன். எங்கள் அம்லேதோ மாமா அப்படித்தான் போனார். சாப்பிட்டு எழுந்து ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீர் குடித்தார், அப்படியே சாய்ந்துவிட்டார். அவருக்கு அப்போது தொண்ணூற்று மூன்று வயது. இருந்தாலும் தண்ணீர்தான் காரணம் என்பதில் குடும்பத்தில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. டேரில் தண்ணீரைக் குடித்துவிட்டு ஐஸையும் கடித்துத் தின்றான்.

ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை ரிமினி கடற்கரைக்கு அழைத்துப் போனேன். ஊட்டிவிடாத குறையாக, இறைச்சி அடுக்கிச் சுட்ட லசான்யாவை அவன் வயிற்றுக்குள் இறக்கி, கடைசி வாய் உள்ளே போகும் முன்பே கடலுக்குள் அனுப்பினேன். சாப்பிட்டதும் தண்ணீரில் கால் வைக்க எங்கள் அம்மா விட்டதே இல்லை. கரையில் உட்கார்ந்து செரிமானத்துக்குக் காத்திருந்தே என் சின்ன வயது போய்விட்டது. அவன் புள்ளியாகத் தெரியும்வரை நீந்திப் போனான். கரையிலிருந்த தாய்மார்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள், ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். நான் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டேன். அவன் திரும்பி வந்து, "பசிக்குது வாத்தியாரே" என்றான். தலையைக்கூடத் துவட்டாமல் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தான். ஒரு தும்மல் இல்லை. அவனைப் பார்த்துக்கொண்டு வந்த எனக்குத்தான் சளி பிடித்துக்கொண்டது.

இதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றும் கொலை முயற்சி, நான் எதற்கும் மன்னிப்புக் கேட்கவில்லை. காலையில் இங்கே இருந்த உங்கள் உதவியாளர் இதைக் கேட்டுச் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. உங்களை வளர்த்ததும் ஒரு நல்ல தாய்தான் என்று அப்போதே புரிந்துகொண்டேன்.

மிச்சம் இருந்தது காற்று. வியர்த்த முதுகில், இரண்டு திறப்புக்கு நடுவே ஓடுகிற காற்று. அதற்குத் தப்பியவன் என்று எங்கள் குடும்பத்தில் ஒருவனும் கிடையாது.

ஜூலைக் கடைசியில் என் கடைசி நடை. பாதையை அவன் கையில் ஒப்படைக்க வேண்டும், அதனால் அவனும் கூட வந்தான். லொரெட்டா மகளைப் பார்க்கப் பக்கத்து ஊரான இமோலாவுக்குப் போயிருந்தாள், கடைச் சாவி என்னிடம் இருந்தது. காலையிலேயே போய் வேலையைத் தொடங்கினேன். முன்கதவைத் திறந்தேன், பின்கதவைத் திறந்தேன். காற்று வந்தது, ஆனால் கனடாக்காரனுக்குப் போதாது. அவன் பனியில் பிறந்தவன். பின்னறைத் தரையில் ஒரு மரக்கதவு உண்டு, அதற்குக் கீழே ஆழமான நிலவறை, கோடையிலும் பல் கிடுகிடுக்கும். அதைத் தூக்கி வைத்தேன். கீழிருந்து குளிர் குபுகுபுவென்று ஏறி வந்தது.

சுற்றியிருந்த இரும்புத் தடுப்பை ஏன் கழற்றினாய் என்று கேட்டீர்கள். காற்று கம்பியில் பட்டால் உடைந்துபோகும். ஏணியை ஏன் எடுத்தாய் என்றீர்கள். ஏணி வாயை அடைத்துக்கொண்டிருந்தது. கீழே பரப்பியிருந்த வைக்கோலை ஒரு மூலையில் ஒதுக்கியதையும் கண்டுபிடித்துவிட்டீர்கள், கெட்டிக்காரர்தான். வைக்கோல் குளிரைக் குடித்துவிடும், வேறொன்றுமில்லை. பின்னறைப் பல்பைக் கழற்றியது அதன் சூட்டுக்காக. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னால் அது வேறு மாதிரி தெரிகிறது என்பது எனக்கும் தெரிகிறது. காற்றைப் பற்றி அறிந்த எவனும் இதைத்தான் செய்திருப்பான்.

அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. கூட்டத்தை வெளியே தூண்களின் நிழலில் ஒரு தட்டு இறைச்சியோடு உட்காரவைத்துவிட்டு, புட்டி எடுக்க வேண்டும் என்று டேரிலை மட்டும் பின்னறைக்கு அழைத்தேன். அவன் சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வரும். இருட்டுக்குள் நுழைந்ததும், "அப்பாடா, என்ன சுகமான காத்து" என்று கையை விரித்துக்கொண்டு நின்றான்.

"என்னைப் பாத்து நில்லு. முதுகுல படட்டும். இன்னும் கொஞ்சம் பின்னாடி வா" என்றேன்.

வந்தான். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தான். "வாத்தியாரே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இந்த நடை எனக்கு வேண்டாம்னு நேத்தே ஓர்னெல்லாகிட்ட சொல்லிட்டேன். இது உங்களோடது. நான் பின்னாடி குடையைப் புடிச்சுட்டு வர்றேன், போதும்."

அதைக் கேட்டதும் என் நெஞ்சு இளகிவிட்டது, இன்ஸ்பெக்டர். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவனைப் பிடித்துப்போய்விட்டது. ஆனால் காற்று ஏற்கெனவே அவன் முதுகில் பட்டுவிட்டதே. பட்டது பட்டதுதான், இனி எந்த வைத்தியனாலும் முடியாது. பையன் கஷ்டப்பட்டு இழுத்துக்கொண்டு கிடப்பதைவிட நன்றாகவே படட்டும் என்று, "இன்னும் ஒரே ஓர் அடி" என்றேன்.

பிறகு தரைக்கதவை மூடினேன். விருந்தாளிகள் முதுகில் காற்று படக் கூடாது, அவர்கள் என் பொறுப்பு. மேசையை அதன் மேல் இழுத்துப் போட்டு, பல்பைத் திரும்ப மாட்டி, அவர்களை உள்ளே அழைத்து வைன் ஊற்றினேன். இன்னொரு வழிகாட்டி எங்கே என்று கேட்டார்கள். அவனுக்கு உடம்பு சரியில்லை என்றேன், அது உண்மைதான். கொஞ்ச நேரத்தில் ஒரு பெரியவர் கையைக் காதில் வைத்துக்கொண்டு, "கீழ யாரோ வாத்தியாரே வாத்தியாரேன்னு கூப்பிடற மாதிரி இருக்கே" என்றார். "புது வைனுங்க. பீப்பாய்க்குள்ள இருந்து பேசும்" என்றேன். புது வைன் பீப்பாய்க்குள் குமுறுவது திராட்சை அறுவடைக்கு அப்புறம்தான், ஜூலையில் எந்த வைனும் பேசாது. என் தொழிலில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான், எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாரும் சிரித்தார்கள். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். இருபத்தைந்து வருஷத்தில் என் கூட்டம் சிரித்தது அன்றுதான். ஓர்னெல்லாவிடம் சொல்லிவிடுங்கள்.

அதனால் விழுந்து செத்தான் என்று எழுதாதீர்கள், நான் கையெழுத்துப் போட மாட்டேன். விழுந்து சாகிறவன் விழுந்ததும் சாவான். டேரில் சாயங்காலம்வரை உயிரோடு இருந்தான் என்று உங்கள் டாக்டரே சொல்கிறார். காற்று அப்படித்தான், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொல்லும். டாக்டரை ஏன் கேட்கிறீர்கள், என்னைக் கேளுங்கள். கூட்டத்தை அனுப்பிவிட்டு, அவன் குரல் அடங்கும்வரை நான்தான் மேலே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.