நாலு பேரும் சுகம்

ஏன் அழலன்னா கேக்குற? அழுகை வரல மருமவனே, ஆத்திரந்தான் வருது. செத்தது உன் தாய்மாமன், நீ அழு. நான் அம்பது வருசமா அவன்கூட மாரடிச்சவன், எனக்குத் திட்டறதுக்கு உரிமை இருக்கு. அந்தக் கட்டையைக் கொஞ்சம் தள்ளிப் போடேன், புகை மூஞ்சியிலயே அடிக்குது.

இன்னும் அஞ்சே வாரம். அஞ்சு வாரம் உசிரைப் பிடிச்சு வெச்சுக்கத் தெரியல இந்தச் சிப்பாஷாவுக்கு. ஹாம்பர்க்ல இருந்து கூப்பிட்டிருக்காங்கப்பா, எங்களை! எழுபத்தஞ்சுல நாங்க போட்ட ஒத்த ரிக்கார்டு. இங்க நம்ம சுரங்க ஊரு கிட்வேல அதைச் சீண்ட ஆளில்ல, அங்க வெள்ளைக்காரப் பசங்க தேடித் தேடி வாங்குறாங்களாம். பன்னெண்டாயிரம் பேர் முன்னாடி வாசிக்கணும். ஒரே கண்டிசன், பழைய ஆளுங்க நாலு பேரும் வரணும், ஒருத்தன் குறைஞ்சாலும் கிடையாது. ஃபர்னஸ் பாய்ஸ்னு எங்க பேண்டு பேரைப் போட்டுப் போஸ்டர்கூட அடிச்சாச்சு. பாய்ஸாம்! பாடறவனுக்குப் பல்லு இல்ல, பேஸ் கிடார்காரனுக்குக் காது கேக்காது, எனக்கு முட்டி மடங்காது.

உன் மாமன் எப்பவுமே இப்படித்தான். எழுபத்தாறுல தலைநகரத்துல, லுசாக்கா ரேடியோவுல எங்க பாட்டைப் பதிவு பண்ணக் கூப்பிட்டாங்க. வண்டி வந்து நிக்குது, துரையைக் காணோம். எவனோ ஒருத்தன் பொண்டாட்டிக்குப் பிரசவமாம், அவனுக்காகச் சுரங்கத்துல ஷிஃப்ட்டு பாக்க இறங்கிட்டாரு. நல்ல மனுசந்தான், யாரு இல்லைன்னா? எங்க இடத்துக்கு வேற பேண்டு போச்சு. அதுக்கப்புறம் நான் கல்யாண வீட்டுல ரும்பா டான்ஸ் பாட்டு வாசிச்சே கிழவனானேன், வெக்கக்கேடு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒத்திகை. ரெண்டாவது பாட்டுல ட்ரம்ஸ் நின்னுபோச்சு. வழக்கம்போல உன் மாமன் பீட்டை விட்டுட்டான்னு நினைச்சேன். கிழட்டுக் கழுதை, நாலு வரைக்கும் எண்ணத் தெரியாதான்னு மைக்குலயே கத்திட்டு, என் பாட்டுக்கு கிடாரை வாசிச்சு முடிச்சேன் மருமவனே. முழுசா முடிச்சேன். அப்புறந்தான் திரும்பிப் பாத்தேன். ட்ரம் மேலயே கவுந்து கிடந்தான். இந்தா, அழுதுட்டேன், இப்பத் திருப்தியா உனக்கு?

சரி, விசயத்துக்கு வரேன். நாளைக்கு அடக்கம் முடிஞ்சதும் பெரியவங்க கூடுவாங்க. நம்ம வழக்கப்படி அக்கா மகன்ங்கற முறையில உன்னை உக்கார வெச்சு அவன் பேரை உனக்குக் கொடுப்பாங்க. அப்புறம் நீதான் சிப்பாஷா. அவன் பிள்ளைங்க உன்னை அப்பான்னு கூப்பிடும், உன் அம்மாவே உன்னைத் தம்பின்னு கூப்பிடுவா. நானும் வாடா போடான்னுதான் பேசுவேன், கோச்சுக்காத.

சர்ச்சுல இருபது வருசமா நீதானே ட்ரம்ஸ் வாசிக்கிற? கை நல்லாத்தானே இருக்கு? பாஸ்டர் கெடக்காரு, பிசாசுப் பாட்டுன்னு சொன்னா சொல்லிட்டுப் போறாரு. வயசா? உனக்கும் நாப்பத்தெட்டு ஆச்சுல்ல, தாடியை எடுக்காத, நரைச்சதெல்லாம் தெரியட்டும். மேடையில எப்படியும் புகை விடுவாங்க.

என்ன அப்படிப் பாக்குற? சனிக்கிழமையே ஹாம்பர்க்காரனுக்கு எழுதிப் போட்டுட்டேன். நாலு பேரும் சுகம், ட்ரம்ஸ்காரன் தினமும் பழகுறான்னு. இந்தத் தடவையாவது என்னைக் கைவிட்டுறாதடா சிப்பாஷா.