மூடியில்லாத மிசின்

வீட்டுப் பட்டறைக்குச் சின்ன மில்லிங் மிசின் வாங்கப் போகிறவர்கள் முதலில் விலையைத்தான் கேட்பார்கள். அது பிழை. முதலில் பாரத்தைக் கேட்க வேண்டும். வன்னியில் எந்தச் சாமானையும் ஒரு நாளைக்குத் தூக்கி ஏற்றத்தான் வேண்டிவரும்.

நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். எனக்கு எழுத்து வந்தது தலை நரைத்த பிறகு. முதலாளியின் மனைவி விமலேஸ்வரி அம்மாதான் சொல்லித் தந்தவா. அதனால் மெதுவாகத்தான் எழுதுவேன். களைப்பாகவும் இருக்கிறது.

என் பெயர் முனியாண்டி. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்தவன். அன்று தொட்டு உருத்திரபுரத்தில் ராஜரத்தினம் முதலாளியின் பட்டறையில் வேலை. தண்ணீர்ப் பம்பு, உழவு மிசின், எது உடைந்தாலும் எங்களிடம் வரும். அவர் லேத்தில் கடைவார். நான் தூக்குவேன், பிடிப்பேன், இரும்பில் பள்ளம் எடுக்க வேண்டுமென்றால் அரத்தால் ராவுவேன். ராவி ராவி வலது தோள் போய்விட்டது.

சண்டை நின்று பாதை திறந்த பிறகு ஒருநாள் அவரே சொன்னார்.

"முனி, இன்னும் எவ்வளவு காலத்துக்கு நீ அரத்தோட கிடந்து மாயிறது? ஒரு சின்ன மில்லிங் மிசின் எடுப்பம். பல்லுச் சுத்திச் சுத்தித் தானே பள்ளத்தை வெட்டிப்போடும்."

என் தோளை நினைத்துச் சொன்னார். அதை நான் மறுக்கவில்லை.

வவுனியாவில் கச்சு முகம்மது பழைய மிசின் விற்கிறவர். அவரும் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தவர்தான். அவருடைய முற்றத்தில் மூன்று மிசின் நின்றன. முதலாளி ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றி வந்தார்.

"என்ன முதலாளி, பொம்பிளை பாக்க வந்த மாதிரிப் பாக்கிறீங்க?" என்றார் கச்சு முகம்மது.

"பொம்பிளை எண்டால் சீதனம் தந்தெல்லோ அனுப்புவினம். நீர் என்னட்டை எல்லோ காசு கேக்கிறீர்."

இரண்டு பேரும் நன்றாகச் சிரித்தார்கள்.

முதலாவது புது மிசின். எல்லா மூடியும் இருந்தது, முன்பக்கம் பெரிய சிவப்புப் பொத்தான். விலை கட்டாது. இரண்டாவது நல்ல பழைய இரும்பு, ஆனால் அதை அசைக்க ஆறு பேர் வேண்டும். மூன்றாவது சின்னது, மலிவு. மேலே பெல்ட் ஓடுகிற இடத்தில் மூடி இல்லை. நிறுத்துகிற சுவிட்ச் பின்பக்கம். நெஞ்சைச் சரித்துக் கையை நீட்டித்தான் தொட வேண்டும்.

முதலாளி மூன்றாவதைத் தடவிக்கொண்டு நின்றார்.

"திருப்பி ஓடவேண்டி வந்தாலும் இதை நாங்கள் ரெண்டு பேருமே தூக்கி உழவு மிசின் பெட்டியில வைச்சிடலாம், முனி. ஆக்களுக்கும் இடம் மிஞ்சும்."

அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

தொண்ணூற்றாறில் கிளிநொச்சிப் பக்கம் முழுக்க ஓடியபோது, உழவு மிசின் பின்னால் இழுக்கிற பெட்டியில் லேத் ஏறியது. என் மனைவி ராக்காயி அப்போது மலேரியாக் காய்ச்சலில் பட்டறை வாசலில் படுத்திருந்தாள். அவள் அடுத்த நடையில் வரலாம் என்று பேச்சு. அடுத்த நடை இல்லை. ஷெல் விழுந்து பாதை நின்றுவிட்டது. எழுந்து தானே நடந்திருக்கிறாள். அக்கராயன் போகிற வழியில் ஒரு மதகடியில் செத்துக் கிடந்தாள் என்று கண்டவர்கள் வந்து சொன்னார்கள். லேத் முதலாளியுடையது. பெட்டியும் அவருடையது. ஆகவே முடிவும் அவருடையது. இதில் விளங்காமல் இருக்க ஒன்றும் இல்லை.

"மூண்டாவதையே எடுப்பம் முதலாளி, அதுதான் எங்களுக்குச் சரி," என்றேன்.

கச்சு முகம்மது நியாயமான மனுசன். "தம்பி, மூடி இல்ல, பாத்துக்கொள்ளுங்க. தகரத்தில ஒண்டு அடிச்சுப் போடாம ஓட்டாதீங்க," என்றார்.

"நான் அடிச்சுப் போடுறன்," என்றேன்.

அடித்தேன். அதைப் பொய் என்று நினைக்க வேண்டாம். தகரத்தை அளந்து வெட்டி, மடித்து, ஓட்டையும் போட்டு என் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தேன். ஆணி முறுக்குகிற வேலை மட்டும் மிச்சம்.

"முனி, மூடி எங்கையடா?" என்று முதலாளி கேட்பார்.

"நாளைக்குப் போடுறன்."

"உன்ரை நாளைக்கு எந்தக் கிழமையில வரும்?"

அவருக்கு வேர்வை கூட. எப்போதும் கழுத்தில் துவாய் கிடக்கும். பழைய துவாய்கள் நைந்து கட்டையாகிவிட்டிருந்தன, குனிந்தாலும் நெஞ்சுக்குக் கீழே தொங்காது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனபோது அவருக்கென்று நீளமாக ஒன்று வாங்கி வந்தேன். நல்ல தடிப்பு, சிவப்புக் கரை.

"பாருங்கோவன், மாப்பிளை மாதிரி இருக்கிறியள்," என்று அம்மா பகிடி பண்ணினா. அவர் அதற்குப் பிறகு அதைத்தான் போட்டார். அழுக்கானால் நானே தோய்த்துக் காயப்போடுவேன்.

அன்றைக்கு முரசுமோட்டையிலிருந்து வந்த பம்புத் தண்டில் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் பின்பக்கம் ஜெனரேட்டருக்கு மண்ணெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றேன். திடீரென்று ஜெனரேட்டரின் சத்தம் கனத்தது. மிசின் எதையோ இழுக்கிறது என்று அதிலேயே தெரியும். என் பெயரை ஒருதரம் கூப்பிட்டார், முழுதாக அல்ல. ஜெனரேட்டரை நிறுத்துகிற கட்டை என் கைக்கெட்டத்தான் இருந்தது. முதலில் கையிலிருந்த மண்ணெண்ணெயைத் துடைத்தேன். பிறகு நிறுத்தினேன். துவாயின் சிவப்புக் கரை பெல்ட்டில் இறுகச் சுற்றியிருந்தது.

விபத்து என்று எல்லோரும் சொன்னார்கள். நீங்களும் பொலிஸ் புத்தகத்தில் அப்படியே எழுதிவிட்டுப் போகப் பார்த்தீர்கள். அப்படி எழுதினால் ராக்காயிக்காக ஒருவன் ஒன்று செய்தான் என்பது தெரியாமலே போய்விடும். அதனால்தான் நானாக வந்தேன். நான் அவரைக் கொன்றேன்.

ஒன்று மட்டும் இருக்கிறது. எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடிந்து ஆட்கள் போன பிறகு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா.

"அண்டைக்கு ராக்காயியை ஏத்து, லேத் கிடக்கட்டும் எண்டு அவர் எவ்வளவு கத்தினவர். நீதான் கேக்கேல்லை, முனி. 'லேத் போனால் ஆருக்கும் சோறில்லை, அவள் பிறகு வருவாள்' எண்டு நீதானே கயிறு போட்டுக் கட்டினனி. உன்ரை மனம் நோகும் எண்டு அவர் சாகுமட்டும் அதைப் பற்றி வாய் திறக்கேல்லை."

துக்கத்தில் அம்மாவுக்கு மனம் குழம்பியிருக்கிறது. கயிற்றைக் கட்டினது நான்தான், முடிச்சு இறுகினது கூட நினைவிருக்கிறது. ஆனால் அவர் சொல்லாமல் நான் கட்டியிருக்க மாட்டேன். அன்றைக்கு அந்த இடத்தில் நின்றவர்களில் ராக்காயி இன்று உயிரோடு இல்லை, முதலாளியும் இல்லை. இப்போது அப்படிச் சொல்கிறது அம்மா ஒருவர் மட்டும்தான்.