நாற்றுகளுக்குக் குளிரக் கூடாது

கஞ்சா நாற்று பெரும்பாலும் பாசத்தால்தான் சாகிறது. பாவம், தாகமாக இருக்குமே என்று ஆளாளுக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். மண் சொதசொதத்து, தண்டின் கழுத்து அழுகி, காலையில் பார்த்தால் மண்ணோடு மண்ணாகப் படுத்திருக்கும். நான் அப்படி ஊற்றமாட்டேன். விரலால் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தெளிப்பேன். எதற்கும் அளவு தெரிந்தவள் நான். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், சார்ஜெண்ட் அம்மா.

எங்கள் மலையில் மருந்துக்காகக் கஞ்சா வளர்க்க ஒரு கம்பெனிக்கு லைசென்ஸ் கிடைத்த பிறகு, இந்தக் குளிர்காலத்தில் பதினான்கு பெண்களுக்கு ஆளுக்கு நாற்பது விதை கொடுத்தார்கள். வீட்டுக்குள் முளைக்கவைத்து, ஆறு வாரம் காப்பாற்றித் தரவேண்டும். அதிக நாற்றை உயிரோடு கொண்டுவரும் இரண்டு பேருக்குக் கம்பெனி செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தில் நிரந்தர வேலை. வெள்ளைக் கோட்டு, கையுறை, கை கழுவக் குழாயில் வெந்நீர். வெந்நீர் என்று கேட்டதுமே அந்த வேலை என்னுடையது என்று முடிவுசெய்துவிட்டேன். எனக்குக் கொடுத்ததில் முப்பத்தொன்று முளைத்தன.

என் கணவர் செலிசோ எல்லைக்கு அந்தப் பக்கம் சுரங்கத்தில் இருக்கிறார். அவருடைய அப்பாவும் முப்பது வருடம் தங்கச் சுரங்கத்தில் உழைத்து, நெஞ்சு நிறையக் கல்தூசியோடு வீடு திரும்பியவர். முற்றத்தின் மறுபக்கத்து வட்டக் குடிசையில் படுத்திருந்தார். பொய் சொல்லமாட்டேன், அவரைக் கண்டாலே எனக்குக் குமட்டும். சாம்பல் போட்ட தகர டப்பாவில் ஓயாமல் துப்புவார். கறுப்பு இழையோடிய சளி. ஒருநாள் அந்த டப்பா வாசலில் கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்குப் புளித்த கூழ் தொண்டையில் இறங்குவதில்லை. தாடியில் முந்தைய நாள் களி காய்ந்து ஒட்டியிருக்கும். கதவு திறந்தால் மூத்திரமும் ஈரக் கம்பளியுமாக ஒரு வாடை முற்றம்வரை வரும். உயிரோடு இருக்கும்போதே ஒரு மனிதர் இப்படி அழுகலாமா? நாற்றுகள் அப்படியில்லை. அவை சுத்தமானவை.

மாமனார் படுக்கும் இடத்தில் மருமகள் கால் வைக்கக் கூடாது என்பது நம் வழக்கம், உங்களுக்கும் தெரியும். சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்து, கைதட்டிவிட்டுத் திரும்பிவிடுவேன். உள்ளே எடுத்துப்போய் ஊட்டுவது, டப்பாவைக் கொட்டுவது எல்லாம் அவருடைய சுரங்கத்துச் சிநேகிதர் பாக்கோவே என்பவர். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து தினமும் வருவார். இந்த வழக்கத்தைத் திட்டுகிற மருமகள்கள் உண்டு. நான் ஒருநாளும் திட்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை பனி கொட்ட ஆரம்பித்தது. பாதை மூடிவிட்டது, பாக்கோவே வரவில்லை, மண்ணெண்ணெய் வாங்கவும் போகமுடியாது. இருந்தது ஒரே ஒரு ஹீட்டர், ஒரு கேன் எண்ணெய். ஹீட்டர் செலிசோ தன் அப்பாவுக்கென்று வாங்கி அவர் குடிசையில் வைத்தது. புதன்கிழமை மதியம் ஜன்னலோரம் நான்கு நாற்றுகள் தலை சாய்ந்தன. கட்டைவிரல் உயரம்கூட இல்லாத உயிர்கள். நாற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மூச்சுவிட்டு ஊதி ஊதிப் பார்த்தேன். என் அம்மா செத்தபோதுகூட நான் அவ்வளவு அழவில்லை.

அப்புறம் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு முற்றத்தைத் தாண்டிப் போனேன். உள்ளே போனேன். ஆமாம், உள்ளேதான். ஹீட்டரைத் தூக்கியபோது அவர் கண் விழித்தார். மருமகள் குடிசைக்குள் நிற்பதைப் பார்த்துக் கூசிப்போய், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"குளிருதா தாயி?" என்று சுவரைப் பார்த்தே கேட்டார்.

"ஆமாப்பா, ரொம்பக் குளிருது."

"எடுத்துட்டுப் போ. இந்தப் போர்வையையும் எடுத்துக்கோ. எனக்கென்ன, சுரங்கத்துல வெந்த உடம்பு இது. இன்னும் சூடு பாக்கி இருக்கு."

நான் கேட்கவில்லை, அவராகவே கொடுத்தார். பெரியவர்கள் கொடுப்பதை வேண்டாம் என்பது மரியாதையா? போர்வையை விரல் நுனியால்தான் பிடித்துக்கொண்டுவந்தேன். நன்றாக உதறி, நாற்றுகளுக்குக் காற்றுப் படாமல் ஜன்னலில் கட்டினேன். ஹீட்டரைப் பற்றவைத்தேன். இருட்டுவதற்குள் நான்கும் தலை தூக்கிவிட்டன. நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

என் கடமையில் ஒரு நேரமும் குறை வைக்கவில்லை. வியாழக்கிழமை களி வைத்துக் கைதட்டினேன். வெள்ளிக்கிழமை அந்தத் தட்டு அப்படியே உறைந்திருந்தது. பக்கத்தில் இன்னொன்றை வைத்தேன். சனிக்கிழமை மூன்றாவது. நடுவில் செலிசோ போனில், அப்பா கதகதப்பாக இருக்கிறாரா என்று கேட்டார். ஹீட்டர் நன்றாக எரிகிறது என்றேன். அது உண்மைதான்.

சனிக்கிழமை மதியம் பாக்கோவே இடுப்பளவு பனியில் நடந்து வந்து சேர்ந்தார். அவர்தான் குடிசைக்குள் போய்ப் பார்த்தார். ஊர் கூடியது. மருமகள் என்ன செய்வாள், உள்ளே போக வழக்கம் இல்லையே என்று பெண்கள் என் முதுகைத் தடவினார்கள். அந்தக் கைகளும் எனக்குப் பிடிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு பாக்கோவே என் வீட்டுக்குள் வந்தார். டீ கொடுத்தேன், தொடவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாசப்படி தாண்டமாட்டேன்னு நின்ன மகராசி, இந்தப் போர்வை எந்தக் காலால நடந்து வந்துச்சு?" என்றார். கீழே நாற்றுத் தட்டுகளையும் ஹீட்டரையும் பார்த்தார். "செடிக்குக் கம்பளி. என் கூட்டாளிக்கு வெறுங்காத்து." சொல்லிவிட்டு என் தரையில் காறித் துப்பினார். அந்த இடத்தை மூன்று தடவை துடைத்தேன். அவர் நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறார்.

சரி, எழுதுங்கள். ஹீட்டரை எடுத்தது நான். போர்வையை எடுத்தது நான். அந்தக் குளிரில் அவர் பிழைக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். சூடு இல்லாமல் எது எத்தனை நேரம் தாங்கும் என்பது இந்த மலையில் என்னைவிட யாருக்குத் தெரியும்? கையெழுத்துப் போடுகிறேன். முப்பத்தொன்றும் உயிரோடு இருக்கின்றன. மற்ற பெண்களிடம் எல்லாமாகச் சேர்த்து இருபதுகூடத் தேறாது. வேலை எனக்குத்தான் என்று கம்பெனியில் போனிலேயே சொல்லியும் விட்டார்கள்.

ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று. அந்தப் புதன்கிழமை சாயங்காலம் அவர் தடியால் சுவரைத் தட்டினார். வழக்கப்படி வாசல்வரைதான் போனேன். உள்ளிருந்து, "சூடு வந்துச்சா தாயி?" என்று கேட்டார். பல் கிட்டித்துப்போய் வார்த்தை சரியாக வரவில்லை. வந்துவிட்டது அப்பா என்றேன். "அப்பச் சரி" என்றார். அதற்குப் பிறகு அவர் தட்டவே இல்லை. அவருக்குக் குளிர்ந்திருந்தால் தட்டியிருக்கமாட்டாரா?