மூன்று மில்லிமீட்டர்

அக்கா: கதவைச் சாத்து, தாளெல்லாம் பறக்குது... ஆபீஸ் நேரத்துல நீ எதுக்குடா இங்க வந்தே?

தம்பி: நல்லா கேட்டே போ! கண்ணாடிய வீட்டுல மறந்துட்டுப் போயிட்டியேன்னு, பட்டறையப் பூட்டிட்டு ஓடி வர்றேன்...

அக்கா: கண்ணாடி என் மூக்கு மேல இருக்கு.

தம்பி: ஓ... அப்போ இது?

அக்கா: அது பழசு. போன வருஷமே ஒரு கால் ஒடைஞ்சது.

தம்பி: சரி விடு. அக்காவப் பாக்கக் காரணம் வேணுமா? ஆமா, ஏன் உன் முகம் இப்படி வெளிறிக் கிடக்கு?

அக்கா: பேசாம இரு, அளந்துட்டிருக்கேன்... மூணு. எத்தனை தடவை அளந்தாலும் மூணேதான்.

தம்பி: என்ன மூணு?

அக்கா: இந்தச் சிவப்புக் கோடு. மூணு மில்லிமீட்டர் அகலம்.

தம்பி: ஒரு கோடு கொஞ்சம் தடிச்சதுக்கா இந்த நடுக்கம்?

அக்கா: இது சும்மா கோடாடா? ஏரியையும் அந்த மலைச்சரிவையும் காப்பாத்தற கோடு. உள்ளே ஒருத்தரும் ஒரு செங்கல் வைக்கக் கூடாது. வெளியே அஞ்சு மாடி வரைக்கும் கட்டிக்கலாம். அதான் புது விதி. படம் வரைஞ்சவ நான்.

தம்பி: தெரியும், தெரியும். ஊர்ல பாதிப் பேர் உன்னைக் கும்பிடறான், மீதிப் பாதி உன்னால என் பட்டறைக்கு ரிப்பேருக்கு வண்டி தர்றதில்ல.

அக்கா: சிரிப்பு வரலடா. காலையில அந்த விடுதிக் கம்பெனியோட வக்கீல் கடிதம் வந்திருக்கு. உள்ளேன்னா புரியுது, வெளியேன்னா புரியுது... கோட்டுக்கு அடியில இருக்கற நிலம் எதுல சேர்த்தின்னு கேக்கறார்.

தம்பி: மைக்கு அடியில என்னக்கா நிலம்?

அக்கா: படத்துல ஒரு மில்லிமீட்டர்னா தரையில பத்து மீட்டர்.

தம்பி: அப்போ... முப்பது மீட்டர்.

அக்கா: முப்பது மீட்டர் அகலத்துக்கு, ஏரியச் சுத்தி, எந்த விதிக்கும் பிடிபடாத நிலம். சாலை வளைவுல ஜனங்க வண்டிய நிறுத்தி ஏரியப் பாக்கறாங்களே, அதுக்கு நேர் எதிர்ல ஒரு மனை... முழுசா கோட்டுக்கு அடியில படுத்திருக்கு. அங்க விடுதி எழும்பிச்சுன்னா அப்புறம் பாக்கறதுக்குச் சுவர்தான்.

தம்பி: ம்... மனை யாருதாம்?

அக்கா: யாரோ ஒரு பெண்ணோட பேர்ல இருக்காம்.

தம்பி: ஓ... ஒரு கட்டடம்தானேக்கா.

அக்கா: ஒருத்தன் கட்டினா பக்கத்து மனைக்காரன் வேடிக்கை பாப்பானா? ஏரியச் சுத்திச் சுவர் எடுத்தாப்பல ஆயிடும்.

தம்பி: இப்போ உன்னை என்ன பண்ணச் சொல்றாங்க?

அக்கா: நாலு மணிக்கு இயக்குநர் கையெழுத்து. அதுக்குள்ள நான் ஒரே ஒரு வரி எழுதணும். எல்லைங்கறது கோட்டோட உள் ஓரமா, வெளி ஓரமா?

தம்பி: உள் ஓரம்னு எழுதிடு.

அக்கா: ...யோசிக்கக்கூட இல்லையே நீ.

தம்பி: வம்பு எதுக்குன்னு சொன்னேன். வக்கீலோட மல்லுக்கட்ட உன்னால முடியுமா? நாளைக்கு உன் வேலைக்கே...

அக்கா: இரு, போன்... சொல்லுங்க சார். ...அளந்துட்டேன் சார். ...ஆமா சார், என் கைதான். ...எழுதிக்கிட்டிருக்கேன். ...அஞ்சே நிமிஷம் சார்.

தம்பி: என்னவாம்?

அக்கா: இருபத்திரண்டு வருஷமா அரை மில்லிமீட்டர் தாண்டாத கை, இப்போ எப்படித் தாண்டுச்சுன்னு இயக்குநர் கேக்கறார்.

தம்பி: பேனா முனை மழுங்கிடுச்சுன்னு சொல்ல வேண்டியதுதானே.

அக்கா: காலையிலேயே அப்படித்தான் சொன்னேன்.

தம்பி: அப்புறம் என்ன? எழுது. அந்த இருபத்து நாலு மீட்டர் போனா மலை ஒண்ணும் அழுவாது.

அக்கா: எந்த இருபத்து நாலு?

தம்பி: ...நீதானே சொன்னே.

அக்கா: நான் சொன்னது முப்பது. மனையோட அகலம்தான் இருபத்து நாலு. அது இந்தக் கடிதத்துல இருக்கு, பத்திரத்துல இருக்கு. வேற எங்கயும் இல்ல.

தம்பி: அக்கா...

அக்கா: சொல்லு.

தம்பி: முறைக்காத... நான் வாங்கினதுதான். என் பொண்டாட்டி பேர்ல. உனக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவியேன்னு மூச்சு விடல. விடுதிக்காரனுக்குத் தர்றேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்.

அக்கா: வக்கீலுக்குக் கோட்டைக் காட்டினது யாரு?

தம்பி: ...நான்தான். நீ சாப்பிடறப்ப படத்த மேசை மேல விரிச்சு வச்சிருந்தியே, அப்போ பாத்தேன். வண்டிக்கு அடியில படுத்துப் படுத்து முதுகு போச்சுக்கா. இது ஒண்ணுதான் எனக்கு வழி. வெளி ஓரம்னு எழுதினா அங்க ஆடு மேய்க்கத்தான் முடியும்.

அக்கா: ஆடாவது ஏரியப் பாத்துக்கிட்டு மேயும்.

தம்பி: கிண்டல் பண்ணாத! கூடப் பொறந்தவதானே நீ? என்னைக்காவது எனக்காக ஒரு சின்ன... ஒரு மில்லிமீட்டர் வளைஞ்சு குடுத்திருக்கியா?

அக்கா: கோடு போடறதுக்கு முந்தின நாளே உரிமையாளர் பட்டியல்ல அவ பேரைப் பாத்துட்டேன்டா. முனை மழுங்கவே இல்ல, அன்னிக்குத்தான் புதுசு மாத்தினேன். முதல்ல வெளிப்பக்கமா போட்டேன், உன் மனை உள்ளே வந்துடுச்சு, மனசு கேக்கல. உள்பக்கமா இன்னொண்ணு போட்டேன், மனை வெளியே போயிடுச்சு, அதையும் தாங்க முடியல. நடுவுல மைய ரொப்பிட்டேன். அங்க மட்டும் தடிச்சா காட்டிக் குடுத்துடுமேன்னு பயந்து, ஏரியச் சுத்தி மொத்தத்தையும் தடிச்சேன்... வெளி ஓரம்னு இப்ப எழுதிட்டேன். மேல இயக்குநர்கிட்ட போய், ஏன் தடிச்சதுன்னும் சொல்லப் போறேன்.