அவர் பெயர் எழுதிய தட்டு

மேடையில் வீற்றிருக்கும் துறைத்தலைவர் குமரகுருபரன் அவர்களே, இந்த இரங்கல் கூட்டத்துக்கு முக்கூடலிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும், அம்மையாரின் கணவர் மாரிசெல்வம் அண்ணாச்சி அவர்களே, ஆய்வகத் தோழர்களே,

பேராசிரியர் முனைவர் தனலட்சுமி அம்மையாரிடம் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பயிற்சியில் இருந்த எட்வின் நான். துக்கத்தைவிட அச்சமே இன்று எனக்குப் பெரிதாக இருக்கிறது. எதற்கு அச்சம்? சொல்லுகிறேன்.

நம் உடலின் செல்கள் தம் வேளை வந்ததும் தாமே மடிய வேண்டும். கருவில் விரல்களுக்கு நடுவே இருக்கும் செல்கள் மடிவதால்தான் கை கையாகிறது. அந்த மரணத்தைத்தான் அம்மையார் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தார். சேர்ந்த புதிதில் மருந்தை ஊற்றிச் செல்களைக் கொல்ல நான் துடித்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏலே எட்வின், கொல்லுறதுக்கு ஒரு படிப்பும் வேண்டாம்லே. மொதல்ல உசுரோட வச்சிருக்கப் படி" என்றார். அவர் வகுத்த சட்டம் ஒன்று உண்டு. செல் வளரும் தட்டின்மேல் யார் பெயர் இருக்கிறதோ, அவரே அதற்குத் தீனியான சத்துநீரை மாற்ற வேண்டும். பிறர் கை படக் கூடாது, கிருமி ஏறிவிடும்.

அப்படிப்பட்டவருக்கே புற்றுநோய் வந்தது. சாக மறந்த செல்களின் நோய்! அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியில் ஒரு துணுக்கை முறைப்படி கேட்டு வாங்கி, நம் ஆய்வகத்திலேயே வளர்த்தார். "இதுக்குச் சாகச் சொல்லிக் கொடுக்கணும்லே. எனக்கு ஒதவாட்டாலும் வேற யாருக்காவது ஒதவும்" என்றார். அந்தத் தட்டில் அவர் கையாலேயே அவர் பெயர் எழுதியிருக்கிறது.

அம்மையார் போய்விட்டார். அந்தச் செல்கள் போகவில்லை.

சிவப்பாயிருந்த தீனிநீர் மஞ்சளாகிக்கொண்டு வருகிறது. மஞ்சளானால் பசி என்று பொருள். நாளைக்குள் மாற்றாவிட்டால் அவை பட்டினியில் செத்துவிடும். யார் மாற்றுவது? என்னோடு பயிற்சியில் இருக்கும் மஹ்மூதா பீவி வளர்ப்புப் பெட்டியின் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, "எனக்குப் பயமா இருக்கு எட்வின். மேடம் பேர் போட்டிருக்கு, நான் தொட மாட்டேன்" என்றார். நானும் தொடவில்லை.

ஆற்றங்கரைச் சுடுகாட்டில் அண்ணாச்சி என்னிடம் கேட்டார். "அவளக் கொன்னது இன்னும் உங்ககிட்ட உசுரோட இருக்குன்னு சொல்லுதாவளே, நெசமாய்யா?"

நிஜம்தான், அண்ணாச்சி. சபையறியச் சொல்லுகிறேன். அம்மையாரைத் தின்றதற்கு என் கையால் தீனி போட அஞ்சுகிறேன். போடாமல் விட்டு, அவருடைய கடைசி வேலையை நானே சாகடித்துவிடுவேனோ என்றும் அஞ்சுகிறேன். பட்டினி போட்டுக் கொல்லவா அவர் எனக்குப் பயிற்சி தந்தார்?

இக்கூட்டம் கலைந்ததும் ஆய்வகத்துக்குப் போவேன். அவர் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதுவேன். தீனி மாற்றுவேன். சாகக் கற்றுக்கொள்ளும் வரை அவற்றை நானே வளர்ப்பேன். இது அம்மையார்மீது ஆணை. ஒன்று மட்டும் கேட்கிறேன், அண்ணாச்சி. நீங்களும் கூட வர வேண்டும். அந்த ஆய்வகக் கதவைத் தனியே திறக்க எனக்குத் துணிச்சல் இல்லை.