முந்திப் போன தந்தி

பாளையங்கோட்டை கோர்ட்டு வாசலில், என் வழக்கைக் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் இருந்த ஏரல்காரப் பெண் ஒருத்தி, வெற்றிலை வியாபாரி ஒருவரிடம், "எம் மகளுக்கு முந்தி தந்தி கொழும்புக்குப் போயிட்டு, அண்ணாச்சி" என்றாள். அந்த மகளும் அருகில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"தந்தியா? என்னம்மா சொல்லுத?"

"நான் தூத்துக்குடியில காச்சலாக் கெடக்கேன்னு பொய் சொல்லி, தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் புடிக்குத ஒரு கங்காணி இவளைக் கூட்டிட்டுப் போய்க் கப்பல்ல ஏத்திட்டான். நான் போய்ச் சேருததுக்குள்ள கப்பல் கெளம்பிட்டு. இன்ஸ்பெக்டர் கால்ல விழுந்து அழுதேன். 'அழாதே, கொழும்புப் போலீசுக்குத் தந்தி அடிக்கேன்'னாரு."

"நம்ம போலீசு சொன்னா அவுக கேப்பாகளா? அது வேற சர்க்காருல்லா?"

"கேட்டாகளே! கப்பல் போய் நிக்கும்போது கரையில போலீசு நிக்கு. அவனைப் புடிச்சு நம்ம போலீசுகிட்ட ஒப்படைச்சு, இவளையும் பத்திரமா அனுப்பி வச்சாக. கடலைத் தாண்டிட்டா கேக்க ஆளில்லைன்னு நெனச்சிருக்கான்."

"அவன் பெரிய வக்கீலா வச்சிருப்பான். கூண்டுல ஏறிச் சாட்சி சொல்ல பிள்ளை பயந்துராதா?"

தாய் வாய் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"நான் ஏன் பயப்படணும், அண்ணாச்சி? கப்பல்ல என்னைய மாதிரி இன்னும் ரெண்டு பிள்ளைக இருந்தாக. போலீசைக் கண்டு ஒளிஞ்சாக. நான்தான் கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்து, 'இவுகளையும் இவன்தான் ஏமாத்திக் கொண்டாந்தான்'னு சொன்னேன்."

உள்ளேயிருந்து சேவகன் மகளின் பெயரைக் கூப்பிட்டான். தாய் பதறி எழுந்தாள்.

"நீ இங்கனயே இரும்மா. என்னையத்தான கூப்பிடுதாக" என்று சொல்லிவிட்டு, மகள் படியேறி உள்ளே போனாள்.