வின்ச்சுக்கு ஒரு ரெயின்கோட்டு

கூட்டேரிப்பட்டைத் தாண்டியதும் மழை பிடித்தது. பேருந்தில் எனக்கு முன்சீட்டில் இருந்த பெண் தன் நாத்தனாரிடம் சொன்னாள்:

“உங்கண்ணன் எனக்கு ஒரு குடை வாங்கித் தரல. ஜீப்பு முன்னால ரோப்பு சுத்தியிருக்கே, வண்டி இழுக்கிற வின்ச்சு, அதுக்கு மட்டும் ரெயின்கோட்டு.”

“துரு புடிச்சா பேஜாரு அண்ணி.”

“மாசாமாசம் ரோப்பை முழுசா உருவி, தொடச்சி, திரும்பச் சுத்தி வெக்கிறாரு. ஜீப்பு இப்ப கடைத்தெருவைத் தாண்டறதில்ல.”

“உங்க பிரசவத்தப்ப முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போற வழியில சேத்துல மாட்டிக்கினோமே. புளியமரத்துல ரோப்பைக் கட்டித்தான அண்ணன் வண்டிய வெளிய இழுத்தாரு. நீங்க கத்திக்கினே இருந்தீங்க.”

“கத்தினது நீ. நான் பல்லைக் கடிச்சிக்கினு இருந்தேன்.”

இருவரும் சிரித்தார்கள்.

“அந்த ரெயின்கோட்டு எங்க வாங்கினாரு?”

“கடையில ஏது? வருசா வருசம் நான்தான் தைக்கிறேன்.”